கண் அளவு



சென்ற மாதம் எனக்கு வலது கண்ணில் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. நல்லபடியாக முடிந்தது. விசாரித்த அனைவருக்கும் நன்றி. கண்ணைக் கட்டியிருந்த அந்த ஒரு நாளில் நடந்த சிறு விஷயம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. காலையில் வழக்கம்போல் டபராவிலிருந்து டம்ளருக்குக் காபி ஆற்றினேன். பாதிக் காபி மேசைமேல் போயிற்று. "இன்றைக்காவது சும்மா உட்காருங்களேன்" என்றாள் என் மனைவி. உட்கார்ந்து யோசித்தேன். அத்தனை வருடம் பழகிய கைக்கு டம்ளர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையே!

காரணம் எளிது. இரண்டு கண்களும் ஒரே பொருளைச் சற்று வேறு வேறு கோணத்தில் பார்க்கின்றன. அந்த வித்தியாசத்தை வைத்து மூளை தூரத்தைக் கணக்கிடுகிறது. ஆனால் இது கைக்கு எட்டும் தூரத்தில்தான் நன்றாக வேலை செய்யும். தூரம் கூடக்கூட அதன் உதவி குறைந்துகொண்டே போகும். அப்புறம் பொருளின் உருவ அளவு, இடையில் கிடக்கும் தரை, வெளிச்சம் ஆகியவற்றைக் கொண்டு ஊகிப்பதுதான் வழி. வெளிச்சம் மங்கினால் பொருள் தள்ளி இருப்பதுபோல் தெரியும். தண்ணீர்ப் பரப்புக்கு அப்பால் இருந்தால் கிட்டே இருப்பதுபோல் தெரியும்.

அப்படியானால் வில்லை மட்டும் நம்பி வாழ்ந்தவர்கள் தூரத்தை எப்படிக் கணித்தார்கள்? இந்தக் கேள்வி என்னைப் புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோய்விட்டது. எங்கள் முசே அஸேன்கூர் போர்ப் பாடத்தை நடத்தும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் நடத்துவார். 1415 அக்டோபர் 25-ஆம் தேதி, சேறாகிக் கிடந்த வயலில், பிரெஞ்சுப் பிரபுக்களின் பெரும் படையை இங்கிலாந்து மன்னன் ஐந்தாம் ஹென்றியின் சிறு படை தோற்கடித்தது. அந்தச் சிறு படையில் பெரும்பகுதி வில்லாளிகள். "மழையும் சேறும் கெடுத்துவிட்டன" என்று முசே முடித்துவிடுவார். நாங்களும் அதையே பரீட்சையில் எழுதுவோம்.

பிறகு நானாகப் படித்தபோதுதான் அவர் சொல்லாமல் விட்ட ஒன்று தெரிந்தது. அன்று காலை இரு படைகளும் நெடுநேரம் எதிரெதிரே சும்மா நின்றன. இடைவெளி அம்பு எட்டாத தூரம். கடைசியில் ஹென்றிதான் தன் படையை முன்னே நகர்த்தினான். அம்பு எட்டும் எல்லைக்கு வந்ததும் வில்லாளிகள் கூர்முனைக் கழிகளைத் தரையில் நட்டுவிட்டு எய்யத் தொடங்கினார்கள். எங்கே நிற்க வேண்டும் என்பதை அவர்கள் கண் அளவாலேயே அறிந்திருந்தார்கள்.

அந்தக் கண் அளவு தானாக வந்ததல்ல. 1363-இலேயே மூன்றாம் எட்வர்ட், ஞாயிறன்றும் திருநாட்களிலும் ஆண்கள் வில் பழக வேண்டும் என்று ஆணையிட்டிருந்தான். எட்டாம் ஹென்றி காலத்து 1541-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் சுவையானது. அலுவலகத்தில் அரசாணைகளையே படித்துக் காலம் கழித்தவன் என்பதால் அதன் வாசகத்தை மிகவும் ரசித்தேன். 24 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் ஒரே இடத்தில் நிற்கும் இலக்கை எய்யக் கூடாது. ஒவ்வோர் அம்புக்கும் இலக்கை மாற்றிக்கொண்டே போக வேண்டும். அந்த வயதைக் கடந்தவர்கள் இலகுவான அம்புகளைக்கொண்டு எய்யும்போது இலக்கு 220 கஜத்துக்கு அப்பால் இருக்க வேண்டும். ஒரே பலகையை எய்தால் கை பழகும், கண் பழகாது. மேட்டில் ஒரு புதர், பள்ளத்தில் ஒரு மரக்கட்டை என்று இலக்கு மாறினால்தான் தூரத்தை ஊகிக்கும் பழக்கம் வரும். நான்கு ஆண்டுகள் கழித்து, 1545-இல், ரோஜர் ஆஸ்கம் என்ற அறிஞர் வில்வித்தையைப் பற்றித் தனி நூலே எழுதினார். இலக்கைத் தொட நேராக எய்வதும் தூரத்தைக் காப்பதும் ஆகிய இரண்டும் வேண்டும் என்பது அவர் கருத்து.

பிரெஞ்சுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 1448-இல் ஏழாம் சார்ல் மன்னன், ஊருக்கு ஒரு வில்லாளி பழக வேண்டும், அவனுக்கு வரிவிலக்கு உண்டு என்று ஆணையிட்டான். முசே இதையாவது பெருமையாகச் சொல்லியிருக்கலாம்.

போர்க்களத்தில் கூட்டத்தை நோக்கி எய்யும்போது பத்து கஜம் பிசகினாலும் அம்பு யார்மீதாவது விழும். வேட்டையில் அப்படியில்லை. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய மர வில்லின் அம்பு விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் போவதாகக் கொள்வோம். 20 மீட்டர் போக 0.4 விநாடி. அதற்குள் அது சுமார் 78 சென்டிமீட்டர் கீழே இறங்கிவிடும். எனவே வேடன் அந்த அளவுக்கு ஏற்றிப் பிடிக்கிறான். ஆனால் மான் நிற்பது உண்மையில் 25 மீட்டரில் என்றால், அம்பு நினைத்த இடத்துக்கு ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் கீழே போகும். நெஞ்சுக்குப் போக வேண்டியது காலில் படும். ஐந்து மீட்டர் பிசகுக்கு அந்தப் பிராணி காயத்தோடு காட்டுக்குள் ஓடிப் பல நாள் வதைபட்டுச் சாகும். வில் வேட்டையில் தூரக் கணிப்பு என்பது திறமை மட்டுமல்ல, பாவ புண்ணியமும் கலந்தது.

இதை நன்கு உணர்ந்திருந்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1911 ஆகஸ்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஓரோவில் என்ற ஊரின் இறைச்சிக் கொட்டில் அருகே, பசியால் வாடிய ஒரு பழங்குடி மனிதர் பிடிபட்டார். யாஹி இனத்தில் எஞ்சியிருந்த கடைசி ஆள் அவர். மற்றவர்களைக் குடியேறிகளின் துப்பாக்கியும் பசியும் நோயும் அழித்துவிட்டன. அவர் தம் பெயரைச் சொல்லவே இல்லை. 'மனிதன்' என்று பொருள்படும் 'இஷி' என்ற சொல்லால் அவரை அழைத்தார்கள். சான்பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் தங்கவைத்தார்கள். அங்கே சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர் அவரிடம் வில் வித்தை கற்றுக்கொண்டு அதை எழுதியும் வைத்தார்.

தூரத்துப் பலகையை எய்யும் போட்டியில் இஷியைவிட போப்பே கெட்டிக்காரர். ஆனால் இருபது கஜத்தில் ஒரு காடை அளவுள்ள பொருளை இஷி தவறவிடுவது அபூர்வம். தூரம் அதிகமானால் அவர் எய்யமாட்டார், கிட்டே போவார். வேட்டைக்கு முன்பு மீனும் புகையிலையும் தொடமாட்டார், வாடை வரும் என்று. காற்றுக்கு எதிர்த்திசையில் நகர்வார். விரல்களை உதட்டில் வைத்து, அடிபட்ட முயல் கத்துவதுபோல் ஒலி எழுப்பிப் பிராணிகளைத் தம் பக்கம் வரவழைப்பார். 1916 மார்ச்சில் காசநோயால் அவர் இறந்தார்.

அதன் பிறகு கருவிகள் வந்தன. சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில்லுக்கு 1969-இல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. அதன் அம்பு மிக வேகமாகப் போவதால் நான் சொன்ன பிசகு 10 சென்டிமீட்டர் அளவுக்குக் குறையும். இப்போது லேசர் கருவி ஒரு நொடியில் தூரத்தைச் சொல்லிவிடுகிறது. இருந்தும் அனுபவசாலிகள் கருவியைப் பார்ப்பதற்கு முன் கண்ணால் ஊகிக்கப் பழகச் சொல்கிறார்கள். ஒரு மரத்தைப் பார், தூரத்தை மனதில் சொல், பிறகு காலடியால் அளந்து சரிபார். 1541-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்.

இனி என் கதைக்கு வருகிறேன். அறுவை சிகிச்சைக்கு முன்பே, கடலூர் சாலையில் ஸ்கூட்டரில் குறுக்கே திரும்பும்போது, எதிரே வந்த பேருந்து இன்னும் தள்ளி இருக்கிறது என்று இரண்டு முறை தவறாக எண்ணிவிட்டேன். இரண்டாவது முறை ஓட்டுநர் பிரேக் போட்டதால் பிழைத்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கவனமாகப் பார்த்தால் போதும், எனக்குக் கண் அளவு உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இஷியைப் பற்றி மறுபடி படித்த அன்று மாலை, ஸ்கூட்டர் சாவியை என் மகனிடம் கொடுத்துவிட்டேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. எனக்கு முன்பே அவனுக்குத் தெரிந்திருக்கும் போலிருக்கிறது.

அடுத்த வாரம் இடது கண். அதுவரை கடற்கரைக்கு நடந்தே போகிறேன். போகும் வழியில் விளக்குக் கம்பத்துக்கு எத்தனை அடி என்று ஊகித்து, காலடியால் எண்ணிப் பார்க்கிறேன். நேற்று நாற்பது என்று நினைத்தது ஐம்பத்தாறாக இருந்தது.