கற்பனைப் பாத்திரமேற்பு ஆட்டங்களில் குழுவமைப்பும் ஏமாற்று முறைகளும்

குழுவமைப்பு என்பது கற்பனைப் பாத்திரமேற்பு ஆட்டங்களில் வெவ்வேறு திறன் கொண்ட கதைமாந்தர்களைத் தேர்ந்து ஓர் அணியாக்குவது ஆகும். ஏமாற்று முறை என்பது ஆட்டத்தின் வழக்கமான விதிகளுக்கு வெளியே நின்று பணம், வலிமை, உயிர்ப் புள்ளி முதலியவற்றைப் பெறும் வழியாகும். சிறுவர் விளையாட்டில் இது அழுகுணி ஆட்டம் எனப்படும். புதிதாக ஆடத் தொடங்குவோர் இவ்விரண்டையும் ஒருங்கே சந்திப்பர். ஏனெனில் குழு சரியாக அமையாதபோதே ஏமாற்று முறையின் தேவை பெரும்பாலும் எழுகின்றது.

குழுவமைப்பின் தோற்றம்

1974 இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் மேசை விளையாட்டே இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடி ஆகும். இதில் முதலில் போர்வீரர், மந்திரவாதி, சமயகுரு என மூன்று வகுப்புகளே இருந்தன. 1975 இல் திருடன் என்னும் வகுப்பு சேர்க்கப்பட்டது. இந்நான்கு பிரிவுகளே பின்வந்த கணினி ஆட்டங்கள் பலவற்றுக்கும் அடிப்படையாக அமைந்தன.

1981 இல் வெளிவந்த விசர்ட்ரி ஆட்டத்தில் ஆறு பேர் கொண்ட குழுவை ஆடுபவரே உருவாக்க வேண்டும். முன்வரிசையில் நிற்கும் மூவரே கைகலப்பில் ஈடுபட முடியும். 1987 இல் வெளிவந்த பைனல் பேன்டசி ஆட்டத்தில் ஆறு வகுப்புகளிலிருந்து நால்வர் தேர்ந்தெடுக்கப்படுவர். 1998 இல் வெளிவந்த பால்டர்ஸ் கேட் ஆட்டத்தில் குழுவினருக்கு நன்மை, தீமை சார்ந்த இயல்புகளும் உண்டு. குழுவின் நற்பெயர் மிகவும் உயர்ந்தால் தீய இயல்பினர் விலகிச் சென்றுவிடுவர்.

தொடக்கநிலைக் குழு

நால்வர் கொண்ட குழுவில் பொதுவாகப் பின்வரும் பணிகள் பகிர்ந்தளிக்கப்படுகின்றன:

* முன்னின்று அடியைத் தாங்குதல் (போர்வீரர்)
* காயங்களைக் குணப்படுத்துதல் (சமயகுரு)
* தொலைவிலிருந்து பலரை ஒருங்கே தாக்குதல் (மந்திரவாதி)
* பூட்டுத் திறத்தல், பொறிகளைக் கண்டறிதல் (திருடன்)

தமிழ்நாட்டின் ஆடுபுலி ஆட்டத்தில் தனித்து நிற்கும் ஆடு வெட்டுப்படும்; அணியாக நகரும் ஆடுகள் புலியை அடைத்துவிடும். குழுவமைப்பின் அடிப்படையும் இதுவே. வலிமை மிக்க நால்வரைச் சேர்ப்பதை விட, ஒருவரின் குறையை மற்றவர் நிரப்புமாறு சேர்ப்பதே பயன் தரும். எனினும் பெரிய குழுவே எப்போதும் சிறந்தது எனக் கூறவியலாது. பால்டர்ஸ் கேட்டில் பகைவரைக் கொல்வதால் கிடைக்கும் பட்டறிவுப் புள்ளிகள் குழுவினரிடையே பங்கிடப்படுவதால், சிறிய குழு விரைவாக வளரும்.

ஏமாற்று முறைகளின் வரலாறு

ஏமாற்றுக் குறிகள் பல, ஆட்டத்தை உருவாக்கியோர் அதனைச் சோதிப்பதற்காக வைத்தவை. கொனாமி நிறுவனத்தின் கசுகிசா ஹஷிமோட்டோ, 1986 இல் கிரேடியஸ் ஆட்டத்தைச் சோதிக்கையில் அது மிகக் கடினமாக இருந்ததால் ஒரு பொத்தான் வரிசையைச் சேர்த்தார். அதுவே கொனாமி குறி எனப் புகழ்பெற்றது.

விசர்ட்ரியில் இறந்த வீரரின் இறப்பு உடனே வட்டில் பதியப்படும். இதனால் பலர் வட்டினைப் படியெடுத்து வைத்துக்கொண்டனர். வீரர்களின் திறனை மாற்றும் நிரல்களும் தனியே விற்கப்பட்டன. இவை ஆட்டத்தின் சமநிலையைக் கெடுக்கும் என அதன் வெளியீட்டாளரான சர்-டெக் எச்சரித்தது. 1990 இல் வந்த கேம் ஜீனி என்னும் கருவி தொடர்பாக நின்டெண்டோவுடன் நடந்த வழக்கில், 1992 இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கருவியை விற்ற கலூப் நிறுவனத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

பின்னாளில் நிறுவனங்களே இவ்வசதிகளை வழங்கின. 2015 இல் பிளேஸ்டேஷன் 4 கருவிக்கு வெளியான பைனல் பேன்டசி 7 பதிப்பில் மும்மடங்கு வேகம், எதிர்பாராச் சண்டைகளை நிறுத்துதல் ஆகியன ஆட்டத்தினுள்ளேயே இடம்பெற்றன. 2023 இல் வெளிவந்த பால்டர்ஸ் கேட் 3 இல் 100 பொற்காசு செலுத்திக் குழுவினரின் வகுப்பையே மாற்றலாம். தவறான தேர்வைத் திருத்த இங்கு ஏமாற்று முறை தேவைப்படுவதில்லை.

பயன்படுத்துகையில் கவனிக்க வேண்டியவை

* முதலில் சேமிப்புக் கோப்பினைப் படியெடுத்து வேறிடத்தில் வைத்தல் நன்று.
* கதை நிகழ்வு தொடங்கும் இடத்தைத் தாண்டிச் சென்றால் அந்நிகழ்வு தொடங்காமலே போகக்கூடும். பின்னர் ஆட்டம் முன்னேறாது.
* பலர் இணையத்தில் கூடி ஆடும் ஆட்டங்களில் ஏமாற்றுதல் பிறரின் உழைப்பைப் பாதிக்கும். இதற்காகக் கணக்குகள் முடக்கப்படுவதுண்டு.
* அறியாத தளங்களிலிருந்து பெறும் ஏமாற்று நிரல்களில் தீநிரல்கள் இருக்கக்கூடும்.

விளைவுகள்

எல்லா ஏமாற்று முறைகளும் ஒரே விளைவைத் தருவதில்லை. நடக்கும் வேகத்தைக் கூட்டுதல், இழந்த பொருளை மீட்டல் போன்றவை குழுவமைப்பைப் பாதிப்பதில்லை. ஓய்வு நேரம் குறைந்தோர்க்கு இவை உதவுகின்றன. ஆனால் அழியா உயிரைப் பெற்ற குழுவில் குணப்படுத்துபவருக்கு வேலையில்லை. அடி தாங்குபவரும் தேவையில்லை. அந்நிலையில் யாரைச் சேர்ப்பது என்னும் வினாவே பொருளற்றுப் போகின்றது. இவ்வகை ஆட்டங்களின் சுவை பெரிதும் அவ்வினாவிலேயே தங்கியுள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.