கதவுக்கு அப்பால் யார்?

நள்ளிரவு. பாழ் மாளிகை. எங்கோ சலங்கை ஒலிக்கிறது. கதவு மெல்லத் திறக்கிறது. மர்மப் படத்திலும் இக்காட்சி உண்டு, பேய்ப் படத்திலும் உண்டு. வேறுபாடு எங்கே? கதவுக்கு அப்பால் நிற்பது யார் என்பதிலே! மர்மப் படத்தில் நிற்பவன் மனிதன். அவனுக்கு நோக்கம் உண்டு, அவன் விட்டுச்சென்ற தடயம் உண்டு, ஆகவே பிடிபடுவான். பேய்ப் படத்திலோ தடயத்துக்கு வேலையில்லை, மந்திரமே மருந்து! முன்னது 'ஆராய்ந்து பார்' என்கிறது. பின்னது 'அஞ்சி நில்' என்கிறது.

1952இல் மதுரை தங்கம் திரையரங்கம் 'பராசக்தி' படத்துடன் திறக்கப்பட்டது. அது மர்மப் படமன்று. எனினும், சிலையின் பின்னிருந்து மனிதன் பேச, அம்பாளே பேசியதாகப் பூசாரி மயங்கிய காட்சி, மாயக் குரலுக்குப் பின்னே மனிதனைத் தேடும் பாடத்தைக் கூடல் மாநகருக்குப் புகட்டிற்று.

1954இல் வீணை வித்தகர் எஸ்.பாலசந்தர் 'அந்த நாள்' தந்தார். பாடலே இல்லாத படம்! கொலையுண்டவன் ரேடியோ என்ஜினியர், ஐயமோ பலர்மீது. ஒவ்வொருவர் வாக்குமூலமும் ஒரு கதை சொல்ல, பார்ப்போரே நீதிபதியாயினர். 1966இல் வந்த 'யார் நீ?' படத்திலோ, பேயெனத் தோன்றியது சொத்துக்காகத் தீட்டிய சூழ்ச்சி என்று வெளிப்பட்டது.

பின்னர் காற்று திசை மாறிற்று. 2005இல் 'சந்திரமுகி' நோயை நோயென்றே மருத்துவர் வாயால் உரைத்தது. ஆனால் சடங்கின் துணையின்றி முடியவில்லை! 2011இல் வந்த 'காஞ்சனா'வில் கொலையுண்ட திருநங்கையின் ஆவி பழிதீர்த்தது. நீதி கேட்கும் நெஞ்சம் அப்படத்தில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வாழ்ந்தபோது சமுதாயம் தராத நீதியைச் செத்தபின் ஆவிதான் பெறவேண்டுமா?

வெறும் பொழுதுபோக்குத்தானே என்பீர். திரையில் கிளம்பும் பேய் திரையோடு நின்றால் நமக்கென்ன வழக்கு? மதுரையைச் சூழ்ந்த சமவெளிச் சிற்றூர்களில் கோடாங்கியின் உடுக்கை இன்னும் ஓயவில்லை. உள்ளம் நொந்த பெண்ணுக்குப் 'பேய் பிடித்தவள்' என்று பட்டம். மருத்துவத்துக்குப் பதில் வேப்பிலை அடி! தெற்கே இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், நம்பிக்கையால் நோய் தீருமென்று கொண்டுவிடப்பட்ட மனநோயாளர்கள் தங்கியிருந்த கொட்டகையில், 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பற்றிற்று. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட வழியின்றி 28 பேர் மாண்டனர். அவர்களைக் கொன்றது எந்தப் பேய்?

இளைஞனே! பேய்ப் படம் பார்க்காதே என்று தடை போடவில்லை. பார், நடுங்கு, சிரி. ஆனால் அரங்கைவிட்டு வெளிவரும்போது, துப்பறிவோன் கேட்கும் கேள்வியை உடன் கொண்டுவா: 'இதைச் செய்த மனிதன் யார்? இதனால் பயனடைந்தவன் எவன்?' அக்கேள்வி ஊரெங்கும் ஒலிக்கும் நாளில், உடுக்கை தானே ஓயும்!