நைஸ்: ஒரு வசவுச் சொல்லின் பயணம்

1300-ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தில் ஒருவரை ‘நைஸ்’ என்றால் அது வசவு. மடையர், ஒன்றும் தெரியாதவர் என்று பொருள். லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் அறியாதவர். ‘நெ’ இன்மையையும் ‘ஸ்கீரே’ அறிதலையும் குறிக்கும். சயின்ஸ் என்ற சொல்லும் அதே ‘ஸ்கீரே’யிலிருந்து பிறந்ததுதான். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘நைஸ்’ மடமையைச் சுமந்தே வந்தது.

பிறகு அது மாறிய விதம் வியப்பானது. மடமை அசட்டுத்தனமாகி, கூச்சமாகி, எதிலும் குறை பார்க்கும் குணமாகியது. சிறு குறையும் கண்ணில் படுகிறவருக்கு நுணுக்கம் தெரியும் அல்லவா? 16-ஆம் நூற்றாண்டில் நுட்பம், துல்லியம் என்ற பொருள்கள் சேர்ந்துவிட்டன. 1755-இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியும் நுணுக்கமான துல்லியத்தையே முதலில் வைக்கிறது. ஆங்கிலச் சட்டப் பேச்சில் ‘நைஸ் பாயிண்ட்’ என்பது இன்றும் மயிரிழை வேறுபாட்டில் நிற்கும் சிக்கலான கேள்விதான்.

‘இனிய’ என்ற பொருள் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவியது. 1817 இறுதியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபே’ நாவலில் ஒரு பெண் ஒரு புத்தகத்தை நைஸ் என்கிறாள். பொழுதுக்கும் நடைக்கும் பெண்களுக்கும் இந்த ஒரே சொல்தானா என்று ஹென்றி டில்னி சீண்டுகிறான். அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. எல்லாவற்றையும் புகழும் சொல் எதையும் புகழ்வதில்லை.

நம் வீடுகளில் இந்தச் சொல்லுக்கு இன்னும் கூர்மை உண்டு. “உளுந்தை நைஸா அரை, அரிசி கொஞ்சம் கொரகொரன்னு இருக்கட்டும்” என்னும்போது அங்கே இனிமைக்கு வேலையில்லை. மாவு எவ்வளவு சன்னம் என்பதே பேச்சு. ஆங்கிலத்தின் பழைய நுண்மைப் பொருளுக்கு இது மிக அருகில் நிற்கிறது. ‘நைய’ என்ற தமிழ்ச் சொல் ஏற்கெனவே இருந்ததால் ஒலியும் பொருளும் பொருந்தி அது எளிதாக ஒட்டிக்கொண்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

“வேலையைச் சொன்னதும் நைஸா நழுவிட்டான்” என்பதோ முழுக்க நம் ஆக்கம். யாருக்கும் தெரியாமல், ஓசைப்படாமல், கொஞ்சம் தந்திரத்தோடு என்று மூன்றும் அதில் அடக்கம். இதைக் கொச்சை ஆங்கிலம் என்று திருத்த வருபவர்கள் இந்த மூன்றையும் ஒரே சொல்லில் சொல்ல ஆங்கிலத்தின் ‘நைஸ்’ உதவாது என்பதைக் கவனிக்க வேண்டும்.