தொட்டில் கயிறு

2008இல் என் மகள் பிறந்தபோது விருதுநகரில் ஒரே ஒரு படுக்கையறை உள்ள வாடகை வீட்டில் இருந்தோம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். நான் அப்போது பாடம் எடுத்த கல்லூரியில் தொகுப்பூதியக்காரிக்குப் பேறுகால விடுப்பு கிடையாது. சம்பளமில்லாமல் நாற்பது நாள் கொடுத்தார்கள். அதனால் நான் போகவில்லை, அம்மா வந்தாள்.

பச்சைப்பிள்ளை இவ்வளவு சத்தம் போடும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அழுகையை மட்டும் சொல்லவில்லை. தூக்கத்திலேயே முக்கும், முனகும், மூக்கால் உறுமும், திடீரென்று கீச்சென்று கத்திவிட்டுத் தூக்கத்தைத் தொடரும். பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி இப்படி உடம்பு அசைந்துகொண்டே இருக்கும் தூக்கம்தான் என்பதைப் பிறகுதான் படித்தேன். அப்போது ஒவ்வொரு முனகலுக்கும் எழுந்து விளக்கைப் போட்டேன். "எல்லாச் சத்தத்துக்கும் எந்திரிக்காதடி, அழுதா மட்டும் எந்திரி" என்றாள் அம்மா. மூன்றாம் நாள் இரவு கணவர் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார். காலையில் வேலைக்குப் போகணுமே. அது நியாயமாகத்தான் பட்டது, எனக்கும்கூட. நாற்பத்தோராம் நாள் நானும் வேலைக்குப் போனேன் என்பது வேறு விஷயம்.

இதில் வேடிக்கை, அதற்கு முந்தைய வருடம்தான் தென்மாவட்டத் தாலாட்டுப் பாடல்களில் முனைவர் பட்டம் வாங்கியிருந்தேன். தாய்மை, தாய்மாமன் பெருமை, பிறந்தவீட்டு ஏக்கம் என்று இயல் பிரித்து எழுதியிருந்தேன். அந்தப் பாட்டு எத்தனை மணிக்குப் பாடப்பட்டது, அப்போது அந்த அறையில் வேறு யார் படுத்திருந்தார்கள் என்று ஓர் இடத்திலும் கேட்கவில்லை.

தமிழில் தாலாட்டைப் பதிகமாகப் பாடி வைத்தவர் எங்கள் மாவட்டத்துக்காரர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. யசோதையின் குரலை எடுத்துக்கொண்டு ஓர் ஆண் பாடியது. தேவர்கள் ஆளுக்கொரு சீர் அனுப்புகிறார்கள். பிரமன் பொன்தொட்டில் அனுப்புகிறான். நாம் வகுப்பில் அந்தப் பொன்தொட்டிலையே நடத்துகிறோம். அதற்குச் சற்று முன்னாலேயே அதே யசோதை, பிள்ளையைக் கிடத்தவும் முடியவில்லை, தூக்கவும் முடியவில்லை, உடம்பில் வலுவில்லை என்று முறையிடும் பாட்டு ஒன்று இருக்கிறது. பக்தர்களுக்கு அது கண்ணனின் சேட்டை. எனக்கு 2008க்குப் பிறகு அது தூக்கமில்லாத பெண்ணின் வாக்குமூலம். அவள் அதை நந்தகோபனிடம் சொல்லவில்லை, இன்னொரு பெண்ணிடம்தான் சொல்கிறாள்.

அழட்டும், விட்டுவிடு என்று சொன்ன மருத்துவர்களும் உண்டு. 1894இல் வெளியான புகழ்பெற்ற குழந்தை வளர்ப்பு நூலில் அமெரிக்க மருத்துவர் எம்மெட் ஹோல்ட், அழுகை கைக்குழந்தைக்கு உடற்பயிற்சி என்றார். அந்த அறிவுரைக்குத் தனி அறையும் கதவும் தேவை. எங்கள் பக்கத்து வளவு வீடுகளில் ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம். இப்போது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பே முதல் ஆறு மாதமாவது பெற்றோர் அறையில், தனிப் படுக்கையில் குழந்தையைப் படுக்க வையுங்கள் என்கிறது. சுற்றி வந்து நம் அறைக்கே வந்துவிட்டார்கள்.

அறையும் இல்லாமல் ஆளும் இல்லாமல் போன இடங்களில் மருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஆலை ஊர்களில் காட்ஃப்ரே கார்டியல் என்ற அபின் கலந்த பாகு. பம்பாய்ப் பஞ்சாலைப் பெண்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தது பால கோலி, அதுவும் அபின் உருண்டை. 1931இல் வந்த ராயல் தொழிலாளர் கமிஷன் அறிக்கை வரைக்கும் அது பேசப்பட்டது. நம் பாட்டிகள் நம்பிய கிரைப் வாட்டர் 1851இல் நாட்டிங்ஹாமில் உருவானது; நெடுங்காலம் அதில் சாராயச் சத்து இருந்தது. அந்தத் தாய்களைக் குற்றம் சொல்லிப் பேசியவர்கள் நிறையப் பேர். பிள்ளையைத் தூங்கவைத்தால்தான் அவளுக்கு மறுநாள் கூலி என்பதைப் பேசியவர்கள் குறைவு.

சிவகாசிக் கதையில் இந்த இரவு எங்கே இருக்கிறது? 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்ததிலிருந்துதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். மறுவருடம் தொழில் ஆரம்பமானது. கைவேலையாகவே வளர்ந்த தொழில் அது. ஆண்களின் முயற்சியாகவும் முதலாகவும் எழுதப்பட்ட அந்த வரலாற்றில், கட்டை அடுக்கிய கைகளும் வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிய கைகளும் பெரும்பாலும் பெண்களுடையவை, சிறுமிகளுடையவை. 1983இல் எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லியில் ஸ்மிது கோத்தாரி எழுதிய கட்டுரை, விடியக்காலம் மூன்று மணியிலிருந்தே கிராமம் கிராமமாகப் பஸ் வந்து பிள்ளைகளை ஏற்றிப்போனதைப் பதிவு செய்தது. மூன்று மணிக்கு எழுப்பப்படும் ஒரு பிள்ளை இருக்கும் அறையில் கைக்குழந்தை அழுதால் என்ன ஆகும் என்பது அதில் இல்லை. சட்டத்திலும் இல்லை. சென்னை மாகாணத்துக்கு 1934இலேயே பேறுகால உதவிச் சட்டம் வந்துவிட்டது. 1961 சட்டம் வேலை நேரத்தில் இரண்டு முறை பால்கொடுக்க இடைவேளை தந்தது. 2017இல் விடுப்பு 26 வாரமானது. எல்லாம் பேர் பதிந்த தொழிலாளிக்கு. குரோஸ் கணக்கில் வீட்டில் பெட்டி ஒட்டியவளுக்கு எந்தப் பதிவேடு?

இதை நான் சித்தியிடம்தான் தெரிந்துகொண்டேன். 1979இல் அம்மா என்னைப் பெற்றெடுக்கச் சிவகாசிக்குக் கிழக்கே இருந்த தாய்வீட்டுக்குப் போனாள். ஒரே அறை, ஏழு பேர். உத்தரத்தில் சேலைத்தொட்டில். பாட்டி சிம்னி விளக்கில் பெட்டி ஒட்டுவாள், தொட்டில் கயிற்றைக் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு. அவள் கண்ணயர்ந்ததும் கயிறு சித்தி கைக்கு வரும். சித்திக்கு அப்போது பதினொரு வயது. நாலாம் வகுப்போடு நிறுத்திவிட்டுத் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். என் ஆய்வுக்காக நாற்பது பெண்களைப் பதிவு செய்தேன். சித்தியைக் கேட்கவில்லை, அவளுக்குப் பாட்டுத் தெரியாது என்று விட்டுவிட்டேன்.

போன வருடம்தான் கேட்டேன்.

"பாட்டா? பாடுனா உங்க தாத்தா சத்தம் போடுவாரு, தூக்கம் கெடுதுன்னு. கயித்த மட்டும் இழுப்பேன். கை அசந்து நின்னா நீ உடனே வீறிடுவ. அம்மா ஒடம்பு முடியாம கெடக்கும், அதை எழுப்ப மனசு வராது."

"அப்புறம் நீ எப்பத்தான் சித்தி தூங்குவ?"

"பஸ்ஸுலதான். நாலு மணிக்கு ஹாரன் அடிப்பான். சன்னலோரம் எடம் கெடச்சா சிவகாசி வர்றமட்டும் தூங்குவேன்."