பவானிபூரிலிருந்து கேதாருக்கு: ஒரு மூட்டையின் வரலாறு

பவானிபூரில் அசுதோஷ் முகர்ஜி சாலை என்று ஒன்று உண்டு. நான் தினமும் ஆபீசுக்குப் போகும் வழி. முன்னாளில் ரஸ்ஸா ரோடு. அதில் 77ஆம் எண் வீடு, கல்கத்தா பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற துணைவேந்தர் சர் அசுதோஷ் முகர்ஜியின் வீடு. நம்ம சர் சி.வி. ராமனை 1917ல் அரசாங்க உத்தியோகத்திலிருந்து பேராசிரியர் நாற்காலிக்கு இழுத்து வந்த அதே அசுதோஷ். அவர் சேர்த்த 80,000க்கும் மேற்பட்ட புத்தகங்கள் இன்று அலிப்பூர் தேசிய நூலகத்தில் தனிப் பிரிவாக இருக்கின்றன.

அவருடைய மகன்களில் ஷ்யாமா பிரசாத்தை எல்லோருக்கும் தெரியும், 1951ல் ஜனசங்கத்தைத் தொடங்கியவர். நமக்குத் தெரியாத தம்பி ஒருவர் இருக்கிறார். உமாபிரசாத் முகோபாத்யாய் (1902-1997). சட்டம் படித்தவர். ஆனால் வங்காளிகள் அவரை நினைவு வைத்திருப்பது கால்களுக்காக. பல பத்தாண்டுகள் இமயமலையில் நடந்து, நடந்ததை எழுதியவர். 'மணிமகேஷ்' என்ற பயண நூலுக்கு 1971ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. அப்பா 80,000 புத்தகம் சேர்த்த வீட்டிலிருந்து, முதுகில் தாங்குவதை மட்டும் எடுத்துக்கொண்டு மகன் கிளம்பியிருக்கிறார் என்று நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வரும் :-)

வங்காளிக்கு மலைப் பைத்தியம் ஒன்றும் புதிதல்ல. ஜலதர் சென் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இமயத்தில் நடந்து எழுதினார். பிரபோத் குமார் சன்யாலின் 'மஹாபிரஸ்தானேர் பதே' 1933ல் வந்து, 1952ல் சினிமாவாகவும் ஆனது. 1960ல் சுகுமார் ராய் தலைமையில் நந்தா குண்டி சிகரத்துக்கு ஒரு குழு இங்கிருந்துதான் போனது. இன்றைக்கும் துர்கா பூஜை முடிந்ததும் சியால்தா ஸ்டேஷனுக்குப் போய்ப் பாருங்கள். டார்ஜிலிங் மெயில் நிற்கும் பிளாட்பாரம் முழுக்க முதுகுப்பையும் குரங்குக் குல்லாவும்தான்.

இப்போது ஏன் இந்தப் புராணம் என்கிறீர்களா? காரணம் என் அம்மா. வயது 68. கேதார்நாத் போக வேண்டும் என்கிறார். ஹெலிகாப்டர் வேண்டாமாம், நடந்துதான் போக வேண்டுமாம். "ஒரு மனுஷன் முதுகுல நான் ஏற மாட்டேன்" என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. அவருக்காகப் பையைக் குறைக்க உட்கார்ந்தபோது, 'லைட்வெயிட் பேக்பேக்கிங்' என்று இப்போது சொல்கிறார்களே, அதன் வரலாற்றைத் தேடப் போய்விட்டேன். தேடியதில் ஒன்று புரிந்தது. பையிலிருந்து இறக்கி வைத்த எடை காணாமல் போவதில்லை. பெரும்பாலும் வேறு யாரோ தூக்குகிறார்கள்.

முதல் வழி: அடுத்தவர் முதுகு

1830ல் மெட்ராஸ் சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமய்யா என்பவர் காசி யாத்திரை கிளம்பினார். போகிற வழியெல்லாம் தெலுங்கில் எழுதியும் வைத்தார். வட இந்தியா முழுக்கச் சுற்றி, கல்கத்தாவையும் பார்த்துவிட்டு 1831ல் ஊர் திரும்பினார். நம்மைப் போல வேலைக்காரர்தான், ஆனால் கூடப் போனவர்கள் நூறு பேர் போல! பல்லக்கு, கூடாரம், சமையல் சாமான் எல்லாம் சேர்த்து. அவர் முதுகில் எதுவும் இல்லை. உலகத்திலேயே லேசான பயணி அவர்தான் என்று சொல்லிவிடலாமா?

வெள்ளைக்காரர்களின் மலையேற்றமும் இதே கதைதான். 1953ல் எவரெஸ்ட் ஏறிய பிரிட்டிஷ் குழுவின் சாமானைத் தூக்க 350க்கும் மேற்பட்ட சுமைகாரர்கள் தேவைப்பட்டார்கள். உச்சியில் நின்றவர்கள் இரண்டு பேர்.

இதற்கு எதிர்க்கட்சியும் இருந்தது. எரிக் ஷிப்டன், பில் டில்மன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் 1934ல் ஒரு சரக்குக் கப்பலில் கல்கத்தா வந்து இறங்கினார்கள். ஆங் தார்க்கே, பசங், குசங் என்று மூன்று ஷெர்பாக்களைச் சேர்த்துக்கொண்டு, ரிஷிகங்கைப் பள்ளத்தாக்கு வழியாக, அதுவரை யாரும் போய்ச் சேராத நந்தாதேவியின் உட்புற வட்டத்துக்குள் நுழைந்தார்கள். ஐந்து மாதப் பயணத்துக்கு மொத்தச் செலவு 300 பவுனுக்கும் குறைவு. மாவு, அரிசி, நெய் என்று உள்ளூரில் கிடைத்ததை நம்பினார்கள். கீழ்ப்பகுதியில் கூலிகள் உண்டு. ஆனால் மேலே போனதும் துரைகளும் மூட்டை தூக்கினார்கள், ஷெர்பாக்கள் சாப்பிட்டதையே சாப்பிட்டார்கள். அந்தக் காலத்துக்கு அது சாதாரண விஷயமில்லை. எடையைக் குறைத்ததோடு, மிஞ்சிய எடையைப் பங்கும் போட்டார்கள்.

இரண்டாவது வழி: பாதை தூக்கும்

கேதார், பத்ரி யாத்திரையில் பழைய நாளில் 'சட்டி' என்று ஒரு ஏற்பாடு இருந்தது. நம்மூர்ச் சட்டி இல்லை, வழித்தங்கல். சில மைல்களுக்கு ஒன்று. கடைக்காரரிடம் மாவும் பருப்பும் வாங்கினால் இரவு தங்க இடம் இலவசம், சமைக்கப் பாத்திரமும் இரவல் தருவார். (ஆக, சட்டியில் சட்டியும் கிடைக்கும் :-)) அனுமான் சட்டி, ஜானகி சட்டி என்று ஊர்ப் பெயர்களாக அவை இன்னும் மிச்சமிருக்கின்றன. இதோடு ரிஷிகேஷில் தொடங்கிய பாபா காலி கம்லிவாலாவின் தர்மசாலைகள் வேறு. காலி கம்லி என்றால் கருப்புக் கம்பளி. அதைப் போர்த்திய ஒரு சாமியார் யாத்ரீகர்களுக்காகச் சோறும் இடமும் ஏற்பாடு செய்ததில் வளர்ந்தவை.

அதாவது கூடாரமும் அடுப்பும் பாத்திரமும் யாத்ரீகர் முதுகில் இல்லை, பாதையில் இருந்தன. ஒரு கம்பளி, மாற்றுத்துணி, செம்பு, தடி, இவற்றோடு ரிஷிகேஷிலிருந்து வாரக்கணக்கில் நடக்க முடிந்தது இதனால்தான். 1960களில் மோட்டார் சாலை மேலேறியதும் சட்டிகள் பெரும்பாலும் வெறிச்சோடின.

நமக்கு இது அந்நியமே இல்லை. பழனிக்கு நடக்கிறவர்களுக்குத் தண்ணீர்ப்பந்தலும் மோர்ப்பந்தலும் செய்வது இதே வேலை. சபரிமலை இருமுடியை எடுத்துக்கொள்ளுங்கள். முன்முடியில் சாமிக்கு, பின்முடியில் தனக்கு. 'உனக்கென்று எவ்வளவு வேண்டும்?' என்ற கேள்விக்கு ஒரு முடிச்சு அளவுதான் என்று பதில் வைத்துவிட்டார்கள். வெளிநாட்டுக்காரர்கள் அதற்குத் தராசு கொண்டு வந்தார்கள், அவ்வளவுதான்.

ஆனால் பாதையை நம்புவதில் ஒரு ஆபத்து உண்டு. 1996 ஆகஸ்டில் அமர்நாத் பாதையில் பனிப்புயல் அடித்தது. 240 பேருக்கு மேல் இறந்தார்கள். குளிருக்கு உடை இல்லாமல் வந்தவர்கள் ஏராளம். பிறகு விசாரித்த நிதீஷ் சென்குப்தா குழு, யாத்ரீகர் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும் என்றது. 2013 ஜூன் வெள்ளத்தில் கேதார் வழியில் இருந்த ராம்பாடா என்ற தங்கல் ஊரே அடித்துச் செல்லப்பட்டது. உயிரிழந்தவர்கள் ஆயிரக்கணக்கில். பாதை தூக்கிக்கொண்டிருந்த சுமையை அது ஒரு நிமிஷத்தில் கீழே போட்டுவிடலாம் என்பதற்கு இந்த இரண்டும் சாட்சி. லேசாகப் போவது வேறு, வெறுங்கையோடு போவது வேறு.

மூன்றாவது வழி: தராசு

அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்ற பாட்டி. பதினோரு பிள்ளைகள் பெற்றவர், அடிக்கும் கணவனிடமிருந்து விலகி வந்தவர். 1955ல், 67 வயதில், அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும், சுமார் 3,300 கிலோமீட்டர், தனியாக நடந்து முடித்தார். காலில் சாதாரண கான்வாஸ் ஷூ. தோளில் கையால் தைத்த ஒரு துணிப்பை. மழைக்குக் குளியலறைத் திரையின் பிளாஸ்டிக். கூடாரம் கிடையாது. அவரும் பல இரவுகள் முன்பின் தெரியாதவர்கள் வீட்டில்தான் தங்கினார் என்பதைக் கவனியுங்கள். அங்கேயும் 'சட்டி' இருந்திருக்கிறது.

இதை ஒரு முறையாக மாற்றியவர் ரே ஜார்டின். விமானத் துறைப் பொறியாளராக இருந்தவர். 1990களில் அவர் எழுதிய கையேடுகள்தான் இன்றைய லைட்வெயிட் கூட்டத்துக்கு அரிச்சுவடி. கணக்கு எளிது. சாப்பாடு, தண்ணீர், எரிபொருள் நீங்கலாகப் பையின் எடைக்கு 'அடிப்படை எடை' என்று பெயர். இன்று பொதுவாகச் சொல்வது, 9 கிலோவுக்குக் கீழே இருந்தால் லைட்வெயிட், 4.5 கிலோவுக்குக் கீழே அல்ட்ராலைட். பெரிய எடை மூன்றே சாமானில் இருக்கிறது: பை, கூடாரம், படுக்கை. அங்கே குறைக்காமல் டூத்பிரஷ் காம்பை உடைத்துப் பிரயோஜனமில்லை.

சரி, எப்படித் தொடங்குவது?

கல்கத்தாவாசிக்கு முதல் மலை பெரும்பாலும் சந்தக்பூ. 3,636 மீட்டர், மேற்கு வங்கத்தின் உச்சி. வழியில் தங்கும் குடில்கள் உண்டு, ஆகவே கூடாரம் தேவையில்லை. பாதை என்ன தூக்கும், நீங்கள் என்ன தூக்க வேண்டும் என்று முதலில் இரண்டு பட்டியல் போடுங்கள். பிறகு இவை:

- கடைசியாகப் பை வாங்குங்கள். முதலில் பெரிய பை வாங்கினால் அதை நிரப்பத்தான் தோன்றும். சாமானைக் குவித்துப் பார்த்துவிட்டு அதற்கேற்ற பை. 3 கிலோ காலிப் பையும் உண்டு, 1 கிலோ காலிப் பையும் உண்டு.

- ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதுங்கள். சமையலறைத் தராசு போதும். எழுதிப் பார்த்தால்தான் துண்டு எவ்வளவு கனம் என்று தெரியும்.

- பருத்தி வேண்டாம். நனைந்த பனியன் உடம்புச் சூட்டை உறிஞ்சும், காய நாளாகும். கம்பளி அல்லது செயற்கை இழை. போட்டிருப்பது ஒன்று, மாற்று ஒன்று, படுக்க மட்டும் உலர்ந்தது ஒன்று.

- மழைச்சட்டையும், நடக்காதபோது போட ஒரு தடித்த மேலாடையும் கட்டாயம். எடையைக் குறைக்க இவற்றில் கை வைக்கக்கூடாது. அமர்நாத்தை மறக்க வேண்டாம். டார்ச்சும் மருந்தும் இதே கணக்கு.

- குரங்குக் குல்லாவைக் கேலி செய்யாதீர்கள். சின்ன எடைக்கு அவ்வளவு சூடு தரும் சாமான் வேறு இல்லை. வங்காளி விவரம் தெரிந்தவர்!

- தின்பதற்கு அவல், பொரி, சத்து மாவு, வெல்லம். எல்லாமே இங்கே தெருமுனையில் கிடைக்கும். அடுப்பே வேண்டாம்.

- புது ஷூவை மலையில் போட்டுப் பழகாதீர்கள். ரவீந்திர சரோவர் ஏரியை மூட்டையோடு ஒரு மாதம் சுற்றுங்கள். நான்கு பேர் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

அம்மாவின் பை இப்போது 4 கிலோ 200 கிராமில் நிற்கிறது. குளிர் உடை முழுதும் உள்ளேதான். கௌரிகுண்டிலிருந்து மேலே சுமார் 16 கிலோமீட்டர். அதை ஒரே நாளில் ஏறுவதில்லை, நடுவில் ஓரிரவு தங்குவது என்று முடிவு. வழியில் 'கண்டி' என்ற மூங்கில் கூடையில் ஆளை உட்காரவைத்து முதுகில் சுமந்து போகிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் பிழைப்பைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. சோன்பிரயாகையிலிருந்து கேதாருக்கு ரோப்வே போட 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. அது வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள் என்பது இன்னொரு கேள்வி.

முடியாமல் போனால்? அதையும் அம்மாவிடம் கேட்டேன். "பையைக் குடுப்பேன், என்னைக் குடுக்க மாட்டேன். அதுக்கு மேல முடியலைன்னா திரும்பிடலாம். மலை எங்க போயிடப் போகுது" என்றார். அப்படிப் பையைக் கொடுத்தால் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்பது, அவருக்கு மழைச்சட்டை இருக்கிறதா என்று பார்ப்பது, நாம் சாப்பிடும்போது அவரையும் உட்காரவைப்பது என்று நான் என் பட்டியலின் கடைசியில் எழுதி வைத்திருக்கிறேன். உதிரியாக ஒரு பொஞ்சோவும் வாங்கினேன். 300 கிராம் கூடியது. அது என் பையில்.