"ஜீரோ பாத்துக்கோங்க!" – பழைய பெட்ரோல் பம்பை மீட்பது என்றால் என்ன?

மஞ்சவாடி கணவாய் தாண்டி பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் வருகிற வண்டிக்காரர் எந்த பங்க்கில் நிறுத்தினாலும் காதில் விழும் முதல் வார்த்தை ஒன்றுதான். "சார், ஜீரோ பாத்துக்கோங்க!" பெட்ரோல் பம்பின் மொத்த வரலாறும் இந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கிவிடும். எப்படி என்று பார்ப்போமா?

முதல் பம்ப் பெட்ரோலுக்காக வந்ததே இல்லை. 1885ல் அமெரிக்காவின் ஃபோர்ட் வெய்ன் நகரில் சில்வானஸ் பௌசர் என்பவர் ஒரு மளிகைக்கடைக்காரருக்கு விற்றது, விளக்குக்கு ஊற்றும் மண்ணெண்ணெய்க்கான பம்ப். கார்கள் வந்த பிறகுதான் அது பெட்ரோலுக்கு மாறியது. உடனே ஒரு சந்தேகமும் கூடவே வந்தது. இரும்புப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாதே!

அதற்கு பதிலாக வந்ததுதான் கண்ணாடி பம்ப். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பெரிய கண்ணாடிக் குழாய், அதில் காலன் குறிகள், பக்கத்தில் கை நெம்புகோல். நெம்புகோலை ஆட்டினால் பெட்ரோல் மேலே ஏறி குழாய் நிறையும். அதிகமாக ஏறியது வழிந்து திரும்ப தொட்டிக்கே போய்விடும். பிறகு ரப்பர் குழாயைத் திறந்தால் தானாகவே கீழே இறங்கும். எத்தனை குறி இறங்கியதோ அத்தனை காலன். கண்ணால் பார்த்துவிட்டுக் காசு கொடுக்கலாம். 1920களில் அமெரிக்கா முழுக்க இவைதான். அளவையும் விலையையும் சேர்த்தே காட்டும் மீட்டர் பம்புகள் 1930களில் வந்ததும் கண்ணாடிக்கு வேலை போயிற்று.

இப்போது விஷயத்துக்கு வருவோம். உலகம் முழுக்க இந்தப் பழைய பம்புகளைத் தேடிப் பிடித்து 'மீட்டு' எடுப்பது பலருக்கு ஒரு பைத்தியம். துருவைச் சுரண்டி, சிவப்பு பெயின்ட் அடித்து, உச்சியில் புதிதாகச் செய்த கண்ணாடி உருண்டை வைத்து, உள்ளே பல்பு போட்டு வரவேற்பறையில் நிறுத்திவிடுவார்கள். சிலர் உள்ளே இருக்கும் எந்திரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு அலமாரி ஆக்கிவிடுகிறார்கள். இது மீட்பதா? அலங்காரம் என்று சொன்னால் போதும், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

இந்தியப் பம்ப் என்றால் சிக்கல் இன்னும் அதிகம். பர்மா ஷெல் 1928ல் இங்கே தொடங்கிய நிறுவனம். 1976ல் அரசு எடுத்துக்கொண்டது, 1977ல் பாரத் பெட்ரோலியம் என்று பெயர் மாறியது. எஸ்ஸோ 1974லேயே ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிவிட்டது, கால்டெக்ஸ் 1978ல் அதோடு சேர்ந்தது. ஆக, ஒரே பம்ப் மேல் இரண்டு மூன்று கம்பெனிகளின் பெயின்ட் அடுக்கடுக்காக இருக்கலாம். எந்த அடுக்கு 'ஒரிஜினல்'? பழைய நிறத்தை மீட்கிறேன் என்று மேல் அடுக்கைச் சுரண்டினால், அரசுடைமை ஆன கதையையும் சேர்த்துத்தான் சுரண்ட வேண்டும். கோயில் தூணில் மணலை வீசியடித்து அழுக்கோடு கல்வெட்டு எழுத்தையும் தேய்த்த கதை நம் ஊருக்குப் புதிதில்லையே.

அளவும் மாறியது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 16 அணா போய் 100 நயா பைசா. 1956ம் வருட எடையளவுச் சட்டத்துக்குப் பின் காலன் போய் லிட்டர். அதற்கு முந்தைய பம்பில் லிட்டர் தகடு இருந்தால் அது போலி இல்லை. யாரோ ஒரு மெக்கானிக் சட்டத்துக்கு கட்டுப்பட்டு மாற்றியது, அதுவும் வரலாறுதான். மாறாக அமெரிக்கப் பம்பைக் கொண்டுவந்து பர்மா ஷெல் ஸ்டிக்கர் ஒட்டினால் காலனே தப்பு. அமெரிக்க காலன் 3.785 லிட்டர், இங்கே புழங்கிய பிரிட்டிஷ் காலன் 4.546 லிட்டர்!

சென்னை பெரம்பூர் ரயில்வே தொழிற்சாலை இதே கேள்விக்கு ஒரு பதில் சொன்னது. 1855ல் செய்த 'ஃபேரி குயின்' நீராவி எஞ்சினை அங்கே பழுது பார்த்தார்கள். 1909ல் ஓய்வு பெற்ற எஞ்சின் 1997ல் மறுபடி தண்டவாளத்தில் ஓடியது. பெயின்ட் மட்டும் அடித்து மியூசியத்தில் விட்டிருந்தால் பாதி வேலையும் இல்லை :-) எஞ்சினுக்கு வேலை ஓடுவது. பம்புக்கு வேலை பெட்ரோலை ஊற்றுவது அல்ல, அதை ஒரு குடம்கூடச் செய்யும். பம்பின் வேலை அளப்பது.

அப்படியானால் மீட்ட பம்ப் சரியாக அளக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் மீட்டரைத் திறக்க வேண்டுமென்றால் முத்திரை ஆய்வாளர் கம்பி கோத்துப் போட்ட ஈய முத்திரையை அறுத்தாக வேண்டும். இந்தப் பம்பை அரசு ஒரு காலத்தில் நம்பியது என்பதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அதுதான்! அதை அறுக்காமல் பம்பை ஓட வைக்க முடியாது, அறுத்தால் சாட்சி போய்விடும். விவரம் தெரிந்தவர்கள் அறுப்பதற்கு முன் படம் எடுத்து, முத்திரையைத் தனியே பத்திரப்படுத்தி, எந்தப் பாகம் பழசு எது புதுசு என்று எழுதி வைப்பார்கள். அந்தத் தாள் இல்லாத பம்பைப் பார்த்தால், எவ்வளவு பளபளத்தாலும் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

சரியாக அளக்கிறதா என்று பார்ப்பது சுலபம். இன்றைய பங்க்குகளில் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்கும், கேட்டால் பிடித்துக் காட்ட வேண்டும். கூடவோ குறையவோ 25 மில்லிக்குள் இருக்க வேண்டும். அதே பாத்திரத்தை மீட்ட பம்பின் கீழேயும் வைக்கலாம்.