எச்சிலைத் தொடக் கற்றுத்தரும் படிப்பு

போன மாதம் எங்கள் பகுதியில் ஒரு காலனியில் பல் மருத்துவ முகாம் நடந்தது. ஒரு கல்லூரியிலிருந்து பயிற்சி மருத்துவர்கள் வந்திருந்தார்கள். சமுதாயக் கூடத்தில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு மேசை, ஒரு பெட்டி நிறையக் கருவிகள். நான் பெயர் எழுதும் வேலையில் இருந்தேன். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி, தன் முறை வந்தும் நாற்காலியில் உட்காரவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"என் வாயிலயா கைய விடப் போற, தாயீ?"

அந்தப் பயிற்சி மருத்துவருக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். "வலிக்காது பாட்டி, சும்மா பாக்கத்தான் போறேன்" என்றார். பாட்டி கேட்டது வலியைப் பற்றி அல்ல. அங்கே நின்ற காலனிக்காரர்கள் எல்லோருக்கும் அது தெரியும். டீக்கடைக்கு வெளியே கொட்டாங்குச்சியில் டீ வாங்கிக் குடித்து வளர்ந்தவர் அவர். தன் உதடு பட்ட எதையும் ஊர்க்காரர்கள் தொடமாட்டார்கள் என்று ஐந்து வயதிலேயே கற்றுக்கொண்டவர். இப்போது ஒரு படித்த பெண் அந்த வாய்க்குள்ளேயே கையை விடப்போகிறேன் என்கிறார். அவருக்கு நம்ப முடியவில்லை.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. பல் மருத்துவப் பட்டம் ஒருவருக்கு எதைச் செய்யக் கற்றுக்கொடுக்கிறது?

வாயின் வரலாறு

சாதியின் வரலாற்றை எழுதும்போது நாம் கோயிலைப் பற்றி, குளத்தைப் பற்றி, நிலத்தைப் பற்றி எழுதுகிறோம். வாயைப் பற்றி அதிகம் எழுதுவதில்லை. ஆனால் தீண்டாமை மிக நுணுக்கமாகச் சட்டம் போட்ட இடம் வாய்தான். யார் எதைத் தின்னலாம், யார் எதில் குடிக்கலாம், யார் முன்னால் வாய் திறக்கலாம், யார் எச்சில் எங்கே விழலாம் என்று எல்லாவற்றுக்கும் விதி இருந்தது.

பேஷ்வாக்கள் ஆண்ட பூனாவில் தீண்டப்படாதவர்கள் கழுத்தில் மண்சட்டி கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை அண்ணல் அம்பேத்கர் 1936-இல் வெளியிட்ட 'சாதியை அழித்தொழித்தல்' நூலில் பதிவு செய்திருக்கிறார். எச்சில் தரையில் விழக்கூடாது, விழுந்தால் அதை மிதிக்கும் சாதி இந்துவுக்குத் தீட்டு. அதற்குத்தான் அந்தச் சட்டி. நம் ஊர்களின் இரட்டைக் குவளையும் அதே சட்டியின் இன்னொரு வடிவம்தான்.

2002-இல் திருச்சி மாவட்டம் திண்ணியத்தில் தலித்துகள் இருவரை, ஒருவர் வாயில் மற்றவர் மலத்தை ஊட்ட வைத்தார்கள். அடிப்பதற்கு உடம்பெல்லாம் இருக்கும்போது வாயைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் அல்ல. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். குற்றங்களின் பட்டியலில் முதலில் வருவதே, உண்ணத் தகாத பொருளைத் தின்ன, குடிக்கக் கட்டாயப்படுத்துவது. 2015 திருத்தத்தில் 'வாயில் திணிப்பது' என்பதும் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. நம் மீதான வன்கொடுமைகளைச் சட்டம் எண்ணத் தொடங்கியது வாயிலிருந்துதான்.

இந்த நாட்டில் ஒரு பல்கலைக்கழகம், எவர் வாயையும் திறந்து கைவிட்டுப் பார்க்க மாணவர்களைப் பழக்குகிறது என்றால், அதை வெறும் தொழில் பயிற்சி என்று கடந்து போக முடியாது.

இழிதொழில் பட்டமான கதை

பல் பிடுங்குவது முதலில் பட்டதாரிகளின் வேலை இல்லை. ஐரோப்பாவில் முடி வெட்டியவர்கள்தான் கட்டியைக் கீறினார்கள், பல்லையும் பிடுங்கினார்கள். நம் கிராமங்களிலும் நாவிதர்கள் முடி வெட்டியதோடு ரண சிகிச்சையும் செய்தார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். அந்தச் சமூகத்துக்கு 'மருத்துவர்' என்றே பெயர் உண்டு. வைத்தியம் சேரிக்கும் புதிதல்ல. பண்டிதர் அயோத்திதாசர் சித்த மருத்துவர் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

இவர்களின் வைத்தியத்துக்கு ஊர் தேவையாக இருந்தது, மரியாதை மட்டும் கிடைக்கவில்லை. ரத்தத்தையும் சீழையும் எச்சிலையும் தொடுவதால் அது தாழ்ந்த வேலை. அதே வேலைக்குக் கல்லூரி வந்ததும் அது உயர்ந்த தொழிலானது. பிணத்தைத் தொடுவதும் அப்படித்தான். வெட்டியான் தொட்டால் தீட்டு. 1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா பிணத்தை அறுத்தபோது அது சாதிக் கட்டை உடைத்த துணிச்சலாக வரலாற்றில் பதிந்தது. துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பிணத்தைத் தொட்டவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1840-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் தொடங்கியது. பல்கலைக்கழகத்துக்கு உள்ளேயே பல் மருத்துவப் பள்ளி வந்தது 1867-இல், ஹார்வர்டில். அந்த முதல் வகுப்பில் ராபர்ட் டேனர் ஃப்ரீமன் என்ற கறுப்பின இளைஞர் இருந்தார். அவருடைய பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். வேறு கல்லூரிகள் அவரை மறுத்திருந்தன. 1869-இல் அவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் பல் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. வாஷிங்டனுக்குத் திரும்பித் தொழில் செய்தார். 1873-இல், முப்பது வயதைத் தொடும் முன்பே இறந்துவிட்டார். அடிமை முறை ஒழிந்து நான்கே ஆண்டுகளில், வெள்ளைச் சமூகம் விலக்கி வைத்திருந்த ஒரு கை மருத்துவக் கருவியைப் பிடித்ததை நினைத்துப் பாருங்கள்.

இந்தியாவில் 1920-இல் டாக்டர் ரஃபியுதீன் அகமது கல்கத்தாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பியவர். தான் நடத்திய ஒரு சோடா கடையின் வருமானத்தைக் கல்லூரிக்குச் செலவழித்தார். பிறகு 1948-இல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் பதிவேட்டை 'அ' பிரிவு, 'ஆ' பிரிவு என்று இரண்டாகப் பிரித்தது. முதல் பிரிவு பட்டம் உள்ளவர்களுக்கு. இரண்டாவது, பட்டம் இல்லாமல் குறைந்தது 5 ஆண்டுகள் இதையே பிழைப்பாகச் செய்தவர்களுக்கு. அனுபவத்தை ஒரே ஒரு முறை ஏற்றுக்கொண்டு, பிறகு அந்தக் கதவை மூடிய ஏற்பாடு அது. மக்களின் பாதுகாப்புக்கு அது தேவைதான். கிருமி நீக்கம் தெரியாதவர் கையில் வாயைக் கொடுக்கச் சொல்லி நான் வாதாடவில்லை. ஆனால் கதவு மூடிய பிறகு, உள்ளே போக ஒரே வழி கல்லூரி. கல்லூரிக்குள் யார் போனார்கள் என்பதே அடுத்த கேள்வி.

சென்னையில் அரசு பல் மருத்துவப் படிப்பு 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, செண்பகம் துரைராஜன் வழக்கில் வகுப்புவாரி அரசாணையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அது மருத்துவக் கல்லூரி இடத்தைப் பற்றிய வழக்கு. தமிழகம் கொதித்தது. 1951-லேயே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து 15(4) பிரிவு சேர்ந்தது. அந்தப் பிரிவு இல்லையென்றால் நம் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டடத்தின் வாசல் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

பட்டம் கற்றுத்தருவது

பி.டி.எஸ். படிப்பு 4 ஆண்டுகள், அதன் பிறகு ஓராண்டு பயிற்சி. முதல் ஆண்டில் மருத்துவ மாணவர்களைப் போலவே உடற்கூறியலும் உடலியலும் படிக்கிறார்கள். மெழுகுக் கட்டியில் ஒவ்வொரு பல்லாகச் செதுக்கிப் பழகுகிறார்கள். பிறகு நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், மருந்தியல், பொது மருத்துவம், அறுவை சிகிச்சை. அதன் பிறகே சொத்தை அடைப்பது, ரூட் கேனல், ஈறு சிகிச்சை, குழந்தைகளின் பல், பல் செட்டு, தாடை அறுவை சிகிச்சை எல்லாம். பல் பிடுங்குவது இதில் ஒரு சிறு பகுதி.

நம் மக்களுக்கு இதில் மிக முக்கியமானது வாயைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கும் பயிற்சி. துடைத்தால் போகாத வெள்ளைப் படலம், இரண்டு வாரம் கழித்தும் ஆறாத புண், பாக்கு போட்டுப் போட்டு வாயை முழுதாகத் திறக்க முடியாமல் போவது ஆகியவை வாய்ப்புற்றின் முன் அறிகுறிகளாக இருக்கலாம். சாக்கடைக்குள் இறங்கும் நம் தோழர்கள் நாற்றத்தைத் தாங்குவதற்காகப் புகையிலையை அடக்கிக்கொள்கிறார்கள். சாதி கொடுத்த வேலை, அந்த வேலை கொடுத்த பழக்கம், பழக்கம் கொடுக்கும் புற்று. இந்தச் சங்கிலியை முதலில் பார்க்கக்கூடியவர் பல் மருத்துவர்.

சமூகப் பல் மருத்துவம் என்றே ஒரு பாடம் இருக்கிறது. சமூகவியல் படித்த எனக்கு அது பிடித்த பாடம். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பலருக்குப் பல் பழுப்பேறிக் கறையாக இருக்கும். "பல்லு விளக்காத ஜனம்" என்று ஊர் சொல்லும். பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைப் பார்த்துத் திரும்பிப் போவார்கள். காரணம் தண்ணீரில் உள்ள ஃபுளோரைடு. சிறு வயதில் ஈறுக்குள் பல் உருவாகும்போதே ஏறிவிடும் கறை அது. எவ்வளவு விளக்கினாலும் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவும்தான் வந்தது. பழக்கத்தின் குற்றம் என்று ஊர் சொன்னதை, தண்ணீரின் குற்றம் என்று நிரூபிக்க இந்தப் படிப்பு கற்றுத்தருகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பாடம் இருக்கிறது. 1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். அந்தக் காலத்தில் உலகம் முழுக்க மருத்துவர்களுக்கு ஒரு புது விதி வந்தது. யாருக்குத் தொற்று இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே எல்லோருடைய ரத்தத்தையும் தொற்று உள்ளதாகவே எண்ணி ஒரே மாதிரி எச்சரிக்கையோடு கையாள வேண்டும். பல் சிகிச்சையில் எச்சிலோடு ரத்தம் கலக்கும் என்பதால், அங்கே எச்சிலுக்கும் இதே விதி.

சாதி இதற்கு நேர் எதிரானது. ஆளைப் பார்த்து, தெருவைக் கேட்டு, பிறப்பை விசாரித்து யார் எச்சில் அசுத்தம் என்று முடிவு செய்கிறது. பட்டம் பெற்ற கையோ அமைச்சருக்கும் கையுறை போடுகிறது, தூய்மைப் பணியாளருக்கும் அதே கையுறையைப் போடுகிறது. இருவர் வாயில் பட்ட கருவியும் ஒரே ஆட்டோகிளேவில் வேகிறது. கையுறை எல்லோருக்கும் என்றால் அது அறிவியல். நமக்கு மட்டும் என்றால் அது தீண்டாமை. ஒரு கிளினிக்கில் இந்த வேறுபாட்டைக் கவனிக்க நம் இளைஞர்கள் பழக வேண்டும்.

கற்றதும் கிடைப்பதும்

பாடத்தில் இருப்பது எல்லாம் காலனி வரை வந்து சேர்கிறதா? இல்லை. 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் நாட்டில் இருக்கின்றன, பெரும்பாலானவை தனியார். தமிழ்நாட்டில் 1953-க்குப் பிறகு அரசு புதுக்கோட்டையில் கல்லூரி திறந்தது 2023-இல். இடையில் சிதம்பரத்தில் இருந்தது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசு ஏற்றதால் கைக்கு வந்தது. பெரும் கட்டணம் கட்டிப் படித்தவர் நகரத்தில் கிளினிக் போட்டு, போட்ட பணத்தை எடுக்கப் பார்க்கிறார். எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பல் மருத்துவர் இல்லை. அதனால் காசு உள்ளவருக்கு ரூட் கேனல், இல்லாதவருக்குப் பிடுங்கல். காப்பாற்றக் கற்ற கை, ஏழை வாயில் பிடுங்க மட்டுமே செய்கிறது.

உள்ளே போகும் வழியும் குறுகிவிட்டது. 2017-இல் நீட் வந்தது. 1200-க்கு 1176 எடுத்த அனிதாவை இழந்தோம். 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. அந்தச் சட்டத்தில் பல் மருத்துவமும் உண்டு. சுயநிதிக் கல்லூரியில் சேரும் பட்டியல் சமூக மாணவர்களின் கட்டணத்துக்கு 2012-இன் அரசாணை 92 இருக்கிறது. இவற்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கலந்தாய்வுக்குப் போகும் தம்பி தங்கைகளோடு துணைக்குப் போங்கள். "எம்.பி.பி.எஸ். கெடைக்கல, பி.டி.எஸ்.தான் கெடச்சுது" என்று தலைகுனிந்து வரும் பிள்ளையிடம், அந்தத் 'தான்' வேண்டாம் என்று சொல்லுங்கள். எந்த வாயைத் தொட்டால் தீட்டு என்றார்களோ, அந்த வாயைத் தொடும் உரிமையும் அறிவும் அந்தப் பட்டத்தில் இருக்கிறது.

முகாமில் பாட்டி கடைசியில் உட்கார்ந்தார். இரண்டு பல் ஆடுகிறது, ஈறு கெட்டிருக்கிறது, சர்க்கரை பார்க்க வேண்டும் என்று அந்தப் பெண் எழுதிக்கொடுத்தார். அடுத்து வந்த தூய்மைப் பணியாளர் அண்ணனின் கன்னத்தின் உள்பக்கம் ஒரு வெள்ளைப் படலம் இருந்தது. அவர் முகம் மாறாமல், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் போகச் சொல்லிச் சீட்டு எழுதினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இவரை விட்டுடாதீங்க" என்றார்.

அண்ணன் இன்னும் போகவில்லை. ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய கூலி இல்லை. வருகிற திங்கட்கிழமை அவரோடு நானும் போகிறேன். சீட்டு என் பையில் இருக்கிறது.

ஜெய் பீம்.